முதலில் இலையைத் திருப்புங்கள்

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழகத்தில் இருந்த ஓர் உர மருந்துக் கடையில் நெடுங்காலம் கணக்கு எழுதினேன். வீடு இந்தப் பக்கம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில். வேலந்தாவளம் சோதனைச் சாவடியைக் காலையில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் தாண்டுவதுதான் என் உத்தியோகப் பயணம். வேலை கணக்கு என்றாலும், முதலாளி சாப்பிடப் போனால் கல்லாவும் என் பொறுப்பு, "பூச்சிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று வருகிறவரும் என் பொறுப்பு. என்ன பூச்சி என்று கேட்டால், "பூச்சிதாங்க" என்பார்கள். இலையைக் கையோடு கொண்டு வருகிறவர்கள் குறைவு. கொண்டு வந்தவர்களும் அதன் மேல்புறத்தைத்தான் காட்டுவார்கள். பூச்சி குடியிருப்பதோ அடிப்புறத்தில். வெயிலும் மழையும் காக்கையின் கண்ணும் படாத இடம் அதுதானே!

இப்போது கடை இல்லை, பத்து சென்ட் புழக்கடை இருக்கிறது. தென்னை, மா, முருங்கை, கொய்யா, பப்பாளி, கறிவேப்பிலை, வேலியோரம் அரளியும் எருக்கும். முன்பக்கம் என் மனைவியின் ராஜ்யம்: செம்பருத்தி, குண்டுமல்லி, ரோஜா, நந்தியாவட்டை. பாலக்காடு மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் ஓயாத மழையை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. கொழிஞ்சாம்பாறையும் எருத்தேம்பதியும் வடகரப்பதியும் மழைக்கணக்கில் கோயம்புத்தூருக்குத்தான் உறவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. வறட்சியும் காற்றும் சேர்ந்தால் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். அதனால் இந்தக் குறிப்பு எங்கள் மண்ணுக்குப் பொருந்துகிற குறிப்பு. மழை அதிகமுள்ள பட்டாம்பியிலோ ஒற்றப்பாலத்திலோ இருப்பவர்கள் தங்கள் ஊருக்கேற்பக் கொஞ்சம் மாற்றிப் படித்துக்கொள்ளட்டும்.

பூச்சியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது கடிக்கிறதா, உறிஞ்சுகிறதா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இலையில் ஓட்டை, ஓரத்தில் அரிப்பு, கீழே கறுப்புக் குருணையாக எச்சம் என்றால் அது புழு அல்லது வண்டு. இலை சுருண்டு, வெளுத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் உறிஞ்சும் கூட்டம்: அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செதில் பூச்சி. அந்தப் பிசுபிசுப்பு அவை கழிக்கும் தேன்கழிவு. அதன்மேல் கரும்பூசணம் படரும். மரமே கரியாகிவிட்டது என்று பூசணத்துக்கு மருந்து கேட்டு வருகிறவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பூசணம் இலைக்குள் போகாது. மேலே படிந்து வெயிலை மறைக்கும், அவ்வளவே. கழிவு நின்றால் அதுவும் காய்ந்து உரிந்துவிடும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறு உருப்பெருக்கி ஒன்று என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிறது. ஒரு புட்டி மருந்தின் விலை கூட அதற்கு ஆகவில்லை.

மாவுப்பூச்சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மருந்து வியாபாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அதனிடம் கற்றதுதான்.

பப்பாளி மாவுப்பூச்சி மெக்ஸிகோவைப் பூர்வீகமாகக் கொண்டது. இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பெயரில் பப்பாளி இருந்தாலும் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, கொய்யா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பட்டுப்புழு வளர்த்தவர்களின் மல்பெரித் தோட்டங்கள் வெள்ளையாகிப் போயின. எங்கள் பக்கம் மரவள்ளியும் வீட்டுப் பப்பாளியும் மாட்டிக்கொண்டன. கடையில் மருந்து மாற்றி மருந்து போயிற்று. இந்த வாரம் ஒன்று அடிப்பார்கள், அடுத்த வாரம் வேறொன்று கேட்பார்கள். அந்தப் பூச்சியின் உடம்பில் மெழுகுத் தூள் போர்வை. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். மேலே விழுந்த மருந்து உருண்டு ஓடிவிடும். செத்தவை எவை என்றால், அவற்றைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான்.

பிறகு 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தார்கள். பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு மையமும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றை வளர்த்து ஊர் ஊராகக் கொடுத்தன. மூன்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்பது நன்றாக நிலைத்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. குளவி என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதற்கு மனிதர்களைக் கொட்டத் தெரியாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயிருந்து தின்று வெளியே வரும். சில மாதங்களில் பப்பாளி மீண்டது. அந்த மருந்துகளின் வரிசை எங்கள் பேரேட்டில் சட்டென்று மெலிந்ததை நானே கூட்டிப் பார்த்தேன். முதலாளி முகம் சுளித்தார். இலவசமாகப் பறந்து வந்து வேலை செய்யும் ஒன்றுக்கு எப்படி பில் போடுவது?

இன்றும் பப்பாளியில் அங்கங்கே வெள்ளை தெரியும். நான் தொடுவதில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் சில பூச்சிகள் உப்பி, தவிட்டு நிறத்தில், ஓட்டையோடு கிடக்கும். குளவி வெளியேறிய கூடு அது. ஓட்டைக் கூடுகள் தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். ஒன்றுகூடத் தெரியாவிட்டால் மட்டும் அந்த இலையை வெட்டிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுகிறேன்.

எறும்பைப் பற்றிச் சொல்லாமல் மாவுப்பூச்சியைப் பற்றிப் பேசினால் முழுமையாகாது. தேன்கழிவுக்காக எறும்புகள் மாவுப்பூச்சியையும் அசுவினியையும் மாடு மேய்ப்பது போல மேய்க்கின்றன. குளவியும் பொறிவண்டும் நெருங்கினால் விரட்டுகின்றன. இளம் குஞ்சுகளைத் தூக்கிப் புதுத் தளிருக்குக் குடியேற்றவும் செய்கின்றன. செம்பருத்தியில் மாவு பிடித்தால் என் மனைவி மொட்டைப் பார்ப்பாள், நான் தண்டின் அடியைப் பார்ப்பேன். எறும்புச் சாரை ஏறி இறங்கினால் முதல் வைத்தியம் எறும்புக்கு. தண்டைச் சுற்றி ஒரு பட்டைப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுகிறேன். பட்டையின் மேலேயே தடவினால் பட்டை வெந்துவிடும், அதனால்தான் தாள். சுவரையோ கொடிக்கயிற்றையோ தொடும் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும். எறும்புக்கு மாற்றுப் பாதை கண்டுபிடிக்க அரை நாள் போதும். பாதை அடைபட்ட பிறகு, மாவு அடர்ந்த நுனிகளை ஒடித்து எடுத்து, மிச்சத்தைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முசுறு மட்டும் வேறு கதை. இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பை மலையாளிகள் நீறு என்பார்கள். மாமரத்தில் முசுறு இருந்தால் புழு, வண்டு, தத்துப்பூச்சி எல்லாம் ஒதுங்கும். அதே முசுறு செதில் பூச்சியையும் வளர்க்கும். பக்கத்து வீட்டுச் சேச்சி மாங்காய் பறிக்க ஏறும் ஆளுக்காக அதை எரிக்கச் சொல்கிறார். கடி வாங்கியவர்களுக்கு அந்தக் கோபம் நியாயம்தான். நானோ மரத்தில் ஏறுவதில்லை, தொரட்டியால் பறிக்கிறேன், ஆகவே என் மரத்து முசுறுக்கு உயிர்ப்பிச்சை.

இன்னொன்று. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றைவிடப் பெரிதாக, நீள நீளமான வெள்ளைத் திரிகளோடு ஒன்று விறுவிறுவென்று நடந்தால் அதை நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சி இல்லை, அதைத் தின்னும் பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பார்வைக்கு இரை போலவே இருப்பதால், சுத்தமாகத் துடைத்துவிட்டேன் என்று பெருமைப்படும் வீடுகளில் முதலில் சாவது இதுதான். மாவுப்பூச்சி ஊர்வதே தெரியாது. இது நடப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு வித்தியாசம் போதும்.

தென்னைக்கு வருகிறேன். சித்தூர்த் தாலுக்காவில் தென்னை என்றால் தேங்காய் மட்டுமில்லை, கள்ளும்தான். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இங்கிருந்து கள் போகிறது. ஆகவே தென்னைக்கு நோய் வந்தால் ஊரில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். 2016-இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் புதுவகை வெள்ளை ஈ ஒன்று தென்பட்டது. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று பெயர் வைத்தார்கள். மத்திய அமெரிக்கச் சரக்கு. வழக்கமான வெள்ளை ஈயைவிட மூன்று மடங்கு பெரிது, நடையில் மந்தம். ஓலையின் அடியில் சுருள் சுருளாக, வெள்ளை மெழுகு கலந்து முட்டையிடும். கொய்யா, வாழை, கல்வாழை, சப்போட்டா என்று புழக்கடை முழுவதும் அதற்கு விருந்து. தென்னைக்குக் கீழே இருந்த செடியெல்லாம் கரி பூசிக்கொண்டன. கிணற்றடித் துணிக்கல் கூடக் கறுத்தது. கீழே நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கையில் உட்கார்ந்தால் வேட்டி ஒட்டிக்கொள்ளும்.

அப்போது ஊரில் நடந்த கூத்துகளைச் சொன்னால் நீளும். வேரில் மருந்து கட்டினார்கள். டிராக்டர் விசைத்தெளிப்பானை வைத்து மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, உச்சி வரைக்கும் பூச்சிக்கொல்லி அடித்தார்கள். கள் இறக்கும் மரத்தில் வேரில் மருந்து கட்டினால் அது யார் வயிற்றுக்குப் போகும் என்று கேட்ட ஒரே ஆள் கள்ளிறக்க வரும் அண்ணன்தான். அடித்த மரங்களில் ஈ சில வாரம் குறைந்து, பிறகு முன்பைவிட அடர்த்தியாக வந்தது. காரணம் எளிது. இந்த ஈக்கும் ஒரு ஒட்டுண்ணிக் குளவி உண்டு: என்கார்சியா குவாடலூபே. யாரும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவராமல் அது ஏற்கெனவே நம் ஊரில் இருந்தது. மருந்து அடித்த தோப்புகளில் முதலில் காலியானது அதுதான். வேளாண்மைத் துறையும் காயங்குளம், காசர்கோடு தென்னை ஆராய்ச்சி நிலையங்களும் ஆரம்பத்திலிருந்து சொன்னது ஒன்றே: ரசாயனம் அடிக்காதீர்கள்.

நான் செய்தது, செய்வது இவ்வளவுதான். கைக்கு எட்டும் ஓலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது. மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் ஆள் உயரத்தில் கட்டுவது. மஞ்சள் நிறத்தைக் கண்டால் ஈ வந்து ஒட்டும். கரும்பூசணத்துக்கு மைதா அல்லது கிழங்கு மாவுக் கஞ்சி: லிட்டருக்குப் பத்து கிராம் மாவைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் பூசணத்தோடு சேர்ந்து ஏடு ஏடாக உதிரும். அடிக்கிற வெயிலில் கஞ்சி சீக்கிரம் காய்வது எங்கள் ஊரின் ஒரே வசதி. குளவியைப் பெருக்க வேலியோரம் கல்வாழையும் வாழையும் வைத்திருக்கிறேன். அவற்றின் இலையடியில் உள்ள ஈயின் கூட்டுப்புழுக்கள் கறுத்திருந்தால் உள்ளே குளவி இருக்கிறது. அப்படிப்பட்ட இலைத்துண்டை வெட்டி, குளவி இல்லாத மரத்தில் கட்டிவிடலாம். ஈ போய்விட்டதா? இல்லை. மாசி பங்குனி வெயிலில் ஏறும், மழை இறங்கினால் தணியும். காய் குறைந்ததாக நினைவில்லை. மரம் பார்க்க அசிங்கமாக இருப்பதும் மரம் சாவதும் ஒன்றல்ல.

தென்னையில் உண்மையிலேயே பயப்பட வேண்டியவை இரண்டு, அவையும் ஒன்றுக்கொன்று துணை. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் ஓலை கத்தரிக்கோலால் முக்கோணம் முக்கோணமாக வெட்டியது மாதிரி இருக்கும். அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். கூன்வண்டின் புழு தண்டுக்குள்ளேயே தின்று வளர்கிறது. வெளியே தெரியும் அடையாளம்: தண்டில் சிறு ஓட்டை, செம்பழுப்புச் சாறு வடிதல், மென்று துப்பிய நார். காதை ஒட்டிவைத்தால் உள்ளே கறகறவென்று சத்தம் கேட்கும். நடுக்குருத்து சாயும் வரை கவனிக்காவிட்டால் மரம் போயிற்று. பெரியப்பா வீட்டில் அப்படிப் போன ஓர் இளமரத்தை வெட்டி, பிளந்து, எரித்தோம். பிளந்தபோது உள்ளே கட்டைவிரல் பருமனில் புழுக்கள், நார்க்கூடுகளில் கூட்டுப்புழுக்கள், பறக்கத் தயாரான வண்டுகள், மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில். எரிக்காமல் வேலியோரம் போட்டு வைத்தால் அவ்வளவும் அடுத்த மரத்துக்கு.

அதனால் வைத்தியம் முதல் வண்டிலிருந்தே. காண்டாமிருக வண்டு பிறப்பது மரத்திலல்ல, நம் எருக்குழியில். வெள்ளையாக, வளைந்து, உள்ளங்கையில் சுருண்டு கிடக்கும் அந்தப் புழுக்களை எருவைக் கிளறும்போது பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். எங்கள் சேவல் மண்வெட்டிச் சத்தம் கேட்டாலே ஓடி வரும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தைக் குழியில் கலந்தால் புழுக்கள் நோய்ப்பட்டுச் சாகும். கிருஷி பவனில், அதாவது ஊர் வேளாண்மை அலுவலகத்தில், கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். மலையாளிகள் வட்டப்பெருவலம் என்று சொல்லும் செடியைப் பிடுங்கி எருக்குழியில் போடும் வழக்கமும் உண்டு. அது புழுவின் வளர்ச்சியைக் குலைக்கிறது என்று தென்னை ஆராய்ச்சி நிலையமே பரிந்துரைக்கிறது. மரத்தின் மேலே, உச்சியில் உள்ள மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பம் பிண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து வைக்கிறோம். தேங்காய் பறிக்க வருகிறவரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டால் தனிக்கூலி இல்லை. மட்டையைத் தண்டோடு ஒட்டி வெட்டாதீர்கள் என்றும் அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். ஒரு மீட்டராவது விட்டு வெட்டினால் கூன்வண்டுக்குத் தண்டுக்குள் போகும் கதவு கிடைக்காது.

பூச்செடிகளில் நான் அதிகம் தலையிட முடியாது, ராஜ்யம் வேறு என்றேன் அல்லவா? ஆனாலும் ரோஜா விஷயத்தில் ஒரு வழக்கை நான் வென்றிருக்கிறேன். ரோஜா இலையின் ஓரத்தில் காசு வைத்து வெட்டினாற்போல வட்டமான துண்டுகள் காணாமல் போகும். மருந்து அடியுங்கள் என்றாள் மனைவி. வெட்டுகிறவள் இலைவெட்டித் தேனீ. துண்டைத் தின்பதில்லை, கூட்டுக்கு மெத்தையாகச் சுருட்டி எடுத்துப்போகிறாள். அவள் வந்து போகும் வீட்டில் பாகலும் பூசணியும் நன்றாகக் காய்க்கும். உட்கார்ந்து வெட்டுவதை நேரில் காட்டிய பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. ரோஜா மொட்டின் இதழோரம் தீய்ந்த மாதிரி பழுப்பேறினால் அது இலைப்பேன். வெள்ளைத் தாளின்மேல் மொட்டைத் தட்டினால் ஊசிமுனை போன்ற பூச்சிகள் ஊரும். அதற்கு மொட்டைக் கிள்ளி அழிப்பதும் நீல ஒட்டுத்தாள் கட்டுவதும் வீட்டளவுக்குப் போதும்.

குண்டுமல்லியில் மொட்டுப்புழு. மொட்டில் ஓட்டையும் நூலும் தெரியும், மொட்டு ஊதா நிறமாகிவிடும். மாலையில் பூப்பறிக்கும்போதே அந்த மொட்டுகளைத் தனியாகப் பறித்து வெந்நீரில் போட வேண்டும்; செடியிலேயே விட்டால் புழு அடுத்த மொட்டுக்கு நூல் கட்டும். கோடையில் இலை தூசி படிந்த மாதிரி வெளிறினால் சிலந்திப்பேன். அது பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் பிராணி. அதனால் பல பூச்சிக்கொல்லிகள் அதை ஒன்றும் செய்யாமல், அதைத் தின்கிறவர்களை மட்டும் கொல்லும். இலையடியில் தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும்.

அரளி, எருக்கின் நுனியில் மஞ்சள் நிறத்தில் மொய்க்கும் அசுவினியைக் கண்டு கலங்க வேண்டாம். அது பெரும்பாலும் அந்தப் பால் செடிகளைத் தாண்டி வராது. அங்கேதான் பொறிவண்டுகள் வயிறு நிறைந்து பெருகி, மற்றச் செடிகளுக்கு வருகின்றன. வேலியில் எருக்கு நிற்பது லட்சணமில்லை என்று உறவினர்கள் சொல்லும்போதெல்லாம் இதை விளக்கி அலுத்துவிட்டேன்.

கறிவேப்பிலையைப் பற்றி இந்த எல்லையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015-இல் தமிழகத்திலிருந்து வரும் காய்கறிகளில் மருந்து எச்சம் என்று கேரளத்தில் எழுந்த சர்ச்சையில் கறிவேப்பிலையின் பெயர்தான் அதிகம் அடிபட்டது. அதன்பின் எங்கள் தெருவில் கறிவேப்பிலைக் கன்று இல்லாத வீடு இல்லை. அதில் வருவது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு: சின்னதாக இருக்கையில் பறவை எச்சம் மாதிரி, வளர்ந்ததும் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவட்டையை நீட்டும், ஒரு புளித்த வாசனை வரும். பறித்து எலுமிச்சை மரத்திலோ காட்டு நாரத்தையிலோ விடுங்கள். இலையைத் தின்னப்போகிறவர்கள் நாம். அதில் மருந்து அடிப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. மரத்தின் ஒரு கிளையைப் பேத்தியின் பேரில் புழுவுக்கே எழுதிவைத்திருக்கிறோம். கூட்டுப்புழு வெடித்து இறக்கை விரிவதைப் பார்க்க அவள் பள்ளிக்குத் தாமதமாகப் போனாள், ஆசிரியை திட்டவில்லையாம்.

மாங்காயில் புழு என்பார்களே, அது பழ ஈயின் புழு. ஈ முற்றிய காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கிறது. வெளியே தெரிவதற்குள் உள்ளே சேறாகிவிடும். முதலமடை மாம்பழத் தோட்டக்காரர்கள் தொங்கவிடும் பிளாஸ்டிக் பொறிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் மெத்தில் யூஜினால் ஆண் ஈக்களை இழுக்கும். ஆண் குறைந்தால் முட்டை பொரியாது. வீட்டுக்கு ஒன்றிரண்டு போதும்; காய் முற்றும் முன்பே தொங்கவிட வேண்டும். பழுத்த பிறகு தொங்கவிடுகிறவர்கள் செத்த ஈயை எண்ணி மகிழலாம், பழம் கிடைக்காது. துளசியிலும் இந்த வாசனைப்பொருள் உண்டு. அதனால்தான் கேரளத்தில் துளசியைக் கசக்கி, வெல்லத்தோடு சிரட்டையில் வைத்துத் தொங்கவிடும் துளசிக்கெணி என்ற பொறி வழக்கத்தில் இருக்கிறது. பாகல், புடலைப் பந்தலுக்கு இதே பொறியை வாங்கிப் போய், "வேலை செய்யவில்லை" என்று கடையில் சண்டை பிடித்தவர்கள் உண்டு. பந்தல் காய்களில் வரும் ஈ வேறு, அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள். பொறி எதுவானாலும் கீழே விழுந்த பழத்தைப் பொறுக்காவிட்டால் வீண். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் சில நாள் போட்டுவிட்டால் உள்ளே வெந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தெளித்தே ஆக வேண்டும் என்றால் எனக்குக் கைகொடுப்பது வேப்பெண்ணெய் பூண்டுக் கரைசல். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் இருபது மில்லி, பூண்டு இருபது கிராம், சலவைச் சோப்பு ஐந்து கிராம். சோப்பை வெந்நீரில் கரைத்து, எண்ணெயை ஊற்றிப் பால் நிறம் வரும்வரை அடித்துக் கலக்கி, அரைத்து வடிகட்டிய பூண்டுச் சாறு சேர்த்து, மிச்சத் தண்ணீரை ஊற்ற வேண்டும். எண்ணெய் தனியே மிதந்தால் தெளிக்காதீர்கள், இலை கருகும். சூரியன் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்புறத்தில். அன்றே தீர்த்துவிட வேண்டும்.

கடைச் சரக்கைப் பற்றி ஒரு சொல். எந்தப் புட்டியிலும் வண்ண முக்கோணம் ஒன்று உண்டு. சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. கேரள அரசு 2011-இல் சிவப்பு, மஞ்சள் வரிசையில் பல மருந்துகளைத் தடை செய்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததன் விளைவை அந்த மாநிலம் கண்ணால் பார்த்திருந்தது. அதே ஆண்டு மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. மற்றவற்றுக்கு அப்போது எல்லையைத் தாண்டினால் தடை இருக்கவில்லை. கேரளப் பதிவெண் ஸ்கூட்டர்கள் எங்கள் கடை வாசலில் எதற்காக நின்றன என்பது ஊருக்கே தெரியும். நெல் வயலுக்கு வாங்கிய மிச்சத்தை வீட்டு ரோஜாவுக்கு அடிக்கிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். பத்து சென்ட் புழக்கடைக்குச் சிவப்பு முக்கோணம் தேவைப்பட்ட ஒரு நேரம் எனக்கு வந்ததில்லை.

முருங்கை மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் தீராத தகராறு. மழை தொடங்கியதும் கம்பளிப்பூச்சி வந்துவிடும். பகலில் தண்டில் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் அப்பிக் கிடந்து, இரவில் ஏறித் தழையைத் தின்னும். கூட்டமாகக் கிடப்பதுதான் நமக்குச் சௌகரியம். தீப்பந்தம் காட்டிச் சுடுவது எங்கள் அம்மா காலத்து வழக்கம். வேளாண்மைத் துறைக் கையேடுகளிலும் அது உண்டு. முருங்கைப் பட்டை மெல்லியது, சூடு தாங்காது என்பது என் கட்சி. நீண்ட கழியில் துணி சுற்றி, அடர்த்தியான சோப்புத் தண்ணீரில் தோய்த்து அப்புகிறேன். கீழே விழுந்தவற்றை வாளியில் வாருகிறேன். முடி பட்டால் தோல் தடித்துவிடும், முழுக்கைச் சட்டை அவசியம். என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை பூச்சிக்கு எண்ணெய்க் குளியல் நடத்துகிறார்" என்பார். போன மழைக்கு நான் உள்ளே உருப்பெருக்கியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் பந்தத்தைக் கொளுத்திவிட்டார்.